கிராபிக்ஸ் கார்டு மாற்றியதிலிருந்து கேம் நடுவில் திரை கறுத்துவிடுகிறது

செங்கோட்டையிலிருந்து எழுதுகிறேன். மூன்று வாரம் முன்பு புனலூரில் ஒருவரிடம் பழைய ஆர்டிஎக்ஸ் 3060, 12 ஜிபி கார்டு வாங்கினேன். அதற்கு முன் ஜிடிஎக்ஸ் 1650, இரண்டு வருடமாக ஒரு தொந்தரவும் இல்லை. இப்போது பெரிய கேம் எதைப் போட்டாலும் பத்துப் பதினைந்து நிமிடத்தில் திரை கறுத்து, கார்டின் ஃபேன் மட்டும் முழு வேகத்தில் இரைகிறது, சத்தம் கேட்டு அம்மா அடுப்படியிலிருந்து ஓடி வந்துவிட்டார். பவர் பட்டனை அமுக்கிப் பிடித்து அணைத்தால்தான் உண்டு.

ஐ5 10400எஃப் பிராசசர், 16 ஜிபி ரேம், 450 வாட் பவர் சப்ளை, வாங்கி ஐந்து வருடம். படம் பார்க்க, பிரௌசர் ஓட்ட எந்தப் பிரச்சினையும் இல்லை.

டிடியூ என்ற டிரைவர் நீக்கும் மென்பொருளைப் போட்டு டிரைவரைச் சுத்தமாக நீக்கி மறுபடி ஏற்றினேன். கார்டைக் கழற்றி மாட்டினேன், 8 பின் ஒயரை ‘டிக்’ என்று சத்தம் வரும்வரை அழுத்தினேன். வெப்பம் 68 டிகிரியைத் தாண்டவில்லை. அப்புறம் ஆஃப்டர்பர்னர் மென்பொருளில் பவர் லிமிட்டை, அதாவது கார்டு இழுக்கும் மின்சாரத்தின் உச்சவரம்பை, 70 சதவீதமாகக் குறைத்தேன், ஒரு மணி நேரம் கறுக்காமல் ஓடியது, அதற்குப் பிறகு பழைய கதைதான். விற்றவரோ தன் மெஷினில் நன்றாக ஓடியது என்கிறார், தென்காசி கடை அண்ணாச்சி கார்டு போச்சு என்கிறார், ஆனால் மாட்டிப் பார்க்க அவரிடம் வேறு பவர் சப்ளை இல்லை. 3060க்குப் பரிந்துரைப்பது 550 வாட் பவர் சப்ளை.

650 வாட் பவர் சப்ளை வாங்கினால் இது சரியாகுமா, இல்லை கார்டே பழுதா?