புதுப்பிப்பு: சாவி தொலைஞ்ச திண்டுக்கல் பூட்டு திறந்துடுச்சு (கொடைக்கானல்)

பழைய ஆறு லீவர் (சாவி தூக்கிவிடுற உள் தகடு) திண்டுக்கல் பூட்டு, சாவி இல்லாம திறந்து பழகுறதுக்கு வச்சிருக்கேன், கம்பி வளையுதே தவிர திறக்க மாட்டேங்குதுன்னு கேட்டிருந்தேன்ல, திறந்துடுச்சு. யோசனை சொன்ன எல்லாருக்கும் தேங்க்ஸ்.

வேலை செஞ்சது சைக்கிள் ஸ்போக்தான். போல்ட்டை (பூட்டை மூடி வைக்கிற உள் தாழ்) தள்ளுற கம்பி நல்லா தடியா இருக்கணும், லீவரைத் தூக்குறது மெல்லிசா இருந்தா போதும். போல்ட்டை அழுத்திக்கிட்டே ஒவ்வொரு லீவரா தொட்டுப் பார்த்தா ஒண்ணு மட்டும் இறுகி நிக்கும், அதைத் தூக்கினதும் போல்ட் துளி நகர்ந்து அடுத்தது இறுகும், இப்படியே போகணும். ஓவரா தூக்கிட்டா லீவர்ல போல்ட் நுழையுற வெட்டைத் தாண்டிடும், அப்போ அழுத்தத்தை லேசா தளர்த்தினா லீவர் ஸ்பிரிங் தானா கீழ இறக்கிடும்.

எதிர்பார்க்காதது நம்ம ஊர் குளிரு. உள்ள இருந்த பழைய கிரீஸ் கெட்டியாகி, தூக்கின லீவர் அங்கேயே ஒட்டிக்குது, எது இறுகுது எது ஒட்டுதுன்னே தெரியல. மண்ணெண்ணெய்ல ஊறவச்சு கழுவி, வெயில் வந்த அன்னிக்கு (வந்துச்சே!) காய வச்சப்புறம்தான் விரலுக்குத் தெளிவா தெரிஞ்சது. தேங்காண்ணெய் விடச் சொன்ன அண்ணே, இங்க அது பாட்டில்லயே உறைஞ்சு கிடக்கு.

புதுசா பழகுறவங்க கதவுல மாட்டியிருக்கிற பூட்டுல கை வைக்காதீங்க, லீவர் வளைஞ்சா அப்புறம் சாவி போட்டாலும் திறக்காது.