‘விசையை இழுக்கும் விசை’: ட்ரிக்கருக்குச் சொல் வேண்டும், ஞாயிற்றுக்குள்

டல்லாஸ், புதன் இரவு

சொல்லாக்கக் குழும நண்பர்களுக்கு வணக்கம்.

எங்கள் ஊர்த் தமிழ்ச் சங்க மலருக்கு எட்டுப் பக்கத்தில் ஒரு கட்டுரை எழுதுகிறேன், ஞாயிறு இரவு அச்சுக்குப் போகிறது. போட்டிக் கைத்துப்பாக்கியில் ட்ரிக்கரை மாற்றலாமா, மாற்றினால் எதைப் பார்த்து வாங்குவது என்பதுதான் பொருள். இங்கே வார இறுதிப் போட்டிகளுக்கு வரும் நம் பிள்ளைகள் க்ளாக் 34, வால்தர், சிக் என்று வாங்கிய மறுமாதமே வெளிக் கம்பெனி ட்ரிக்கர் செட் ஒன்றை இணையத்தில் வாங்கிப் பூட்டிவிடுகிறார்கள். எது நல்லது என்று கேட்டால் ‘லைட்டா இருக்கு அண்ணா’ என்பதைத் தவிர யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. அவர்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

முதல் பக்கத்திலேயே மாட்டிக்கொண்டேன். நான் எழுதிய வரி இது: ‘விசையை இழுக்கத் தேவைப்படும் விசை சுமார் 2.5 கிலோ.’ இரண்டும் விசை! முதலாவது ட்ரிக்கர், இரண்டாவது அதை இழுக்கும் பளு. அடுத்த பத்தியில் ‘விசையின் எடை’ என்று எழுதினால் அந்தத் துண்டின் எடையா, இழுக்கும் பளுவா என்று தெரியவில்லை. இது வெறும் சொல் சிக்கல் இல்லை. 2017 ஆகஸ்டில் சிக் நிறுவனம் தன் பி320 துப்பாக்கிகளை வாங்கி மாற்றித்தந்தது நினைவிருக்கலாம். குறிப்பிட்ட கோணத்தில் கீழே விழுந்தால் அது வெடித்தது. ட்ரிக்கர் துண்டு கனமாக இருந்ததால், விழுந்த வேகத்தில் அது தன் கனத்தாலேயே பின்னால் போனது. மாற்றித்தந்த ட்ரிக்கர் எடை குறைந்தது. இதைத் தமிழில் ‘விசையின் எடையைக் குறைத்தார்கள்’ என்று எழுதினால், இழுக்க இலகுவாக்கினார்கள் என்றுதான் படிப்பவர் நினைப்பார். அது தலைகீழான செய்தி.

வேண்டியவை: ட்ரிக்கர், அதை இழுக்கும் பளு, தோட்டாவின் அடியில் குத்தி வெடிக்கவைக்கும் ஸ்ட்ரைக்கர். அப்புறம் இழுப்பின் கட்டங்கள், அதாவது விரல் வைத்ததும் வரும் சும்மா ஓட்டம், அது போய் முட்டி நிற்கும் இடம், பட்டென்று விடுபடும் நொடி, விட்ட பிறகும் போகும் மிச்ச ஓட்டம், திரும்பி வந்து ‘டிக்’ என்று பிடிக்கும் ரீசெட்.

மதுரை, வியாழன் காலை

தம்பி, முப்பது வருடம் இயற்பியல் நடத்தியவன் என்ற முறையில் சொல்கிறேன், விசை என்ற சொல்லை எங்களிடமிருந்து எடுக்காதீர்கள். நிறையை முடுக்கத்தால் பெருக்கினால் விசை. பள்ளிப் பிள்ளைக்கு அது ஒரே பொருளில் இருக்கட்டும். ட்ரிக்கருக்கு அகராதிகளில் ‘விசைவில்’ இருக்கிறதே, அது போதாதா?

பளுவைப் பற்றி ஒரு செய்தி. என் பழைய மாணவி ஒருத்தி பத்து மீட்டர் காற்றுக் கைத்துப்பாக்கி சுடுகிறாள். அவர்கள் விதியில் குறைந்தது 500 கிராம், 25 மீட்டர் கைத்துப்பாக்கிக்கு 1,000 கிராம். சோதிக்கும் முறையைப் பார்த்தால் உங்களுக்கே சொல் கிடைக்கும். குழாயை மேல்நோக்கி நிமிர்த்தி, ட்ரிக்கரில் எடைக்கல்லை மாட்டித் தூக்குகிறார்கள். விடுபடாமல் கல் மேலே வந்தால் தேறியது. ஆக, அது தூக்கும் பாரம். ‘இழுபாரம்’ என்று வைக்கலாம். வினைத்தொகை, ஆகவே நடுவில் ப் போட்டு ‘இழுப்பாரம்’ என்று எழுதிவிடாதீர்கள்.

யாழ்ப்பாணம், வியாழன் மதியம்

ஐயாவின் மடலுக்குப் பதில். எங்கள் பக்கம் துப்பாக்கி என்பதே புத்தகச் சொல், வாயில் வருவது துவக்குத்தான். வன்னியில் வேட்டைக்குப் போன என் பெரியப்பாவிடம் இடியன் துவக்கு ஒன்று, குழாயின் வாய்வழி மருந்தை இடித்து நிரப்பும் பழைய ரகம், இருந்தது. அதன் மேலே எழும்பி நிற்கும் சுத்தியலைத்தான் அவர் குதிரை என்பார். தமிழகத்திலும் குதிரைக்கு அந்தப் பொருள் உண்டு என்று நினைக்கிறேன். இந்தியில் ட்ரிக்கரையே ‘கோடா’, குதிரை, என்கிறார்கள். அந்தக் குழப்பம் நமக்கு வேண்டாம், குதிரை சுத்தியலாகவே இருக்கட்டும்.

விசைவில் எனக்குப் பழகிய சொல், ஆனால் இந்தக் கட்டுரைக்கு ஒத்துவராது. வில் என்றால் ஸ்பிரிங், சுருள்வில். ட்ரிக்கர் நெம்புகோல், அதை இழுத்துப் பிடிக்கும் ஸ்பிரிங் வேறு துண்டு. தம்பி ஸ்பிரிங் மாற்றுவதைப் பற்றியும் எழுதுவார் அல்லவா? ‘விசைவில்லின் சுருள்வில்’ என்று எழுதினால் யாருக்கு விளங்கும்?

இன்னொன்று. ‘நிறை’ என்ற சொல்லைக் கட்டுரையில் எந்த இடத்திலும் போட வேண்டாம். உங்கள் பாடப்புத்தகத்தில் அது திணிவு, எங்கள் பாடப்புத்தகத்தில் அது எடை. இரண்டு கரையிலும் ஒரே பொருள் தருவது பாரம். நான் இழுபாரத்துக்கு.

தஞ்சை, வியாழன் இரவு

பாரம் வடசொல். வேண்டுமானால் இழுசுமை என்க.

முதலில் ட்ரிக்கரை முடிப்போம். சிலப்பதிகாரத்து அடைக்கலக் காதையில் மதுரைக் கோட்டையின் காவற்கருவிகளை அடுக்கும்போது முதலில் வருவது ‘வளைவிற் பொறி’. வளைந்து நின்று தானே எய்யும் எந்திர வில் என்பார்கள் உரைகாரர்கள். ஆள் இல்லாமல் எய்ய வேண்டுமென்றால் இழுத்த நாணைப் பிடித்து வைக்கவும், வேண்டிய நொடியில் விடவும் ஓர் உறுப்பு அதில் இருந்தே தீரவேண்டும். அதற்குத் தனிப் பெயர் நமக்குக் கிட்டவில்லை, முழுக் கருவிக்கும் பொறி என்ற பெயர் நிற்கிறது. எலிப்பொறியில் எலி தொட்டதும் விடுபடுவதும் அதே வேலைதான். ஆங்கிலச் சொல்லைப் பாருங்கள், டச்சு மொழியின் ‘ட்ரெக்கர்’, இழுப்பது என்று பொருள், அது ‘ட்ரிக்கர்’ ஆகித்தான் பிறகு இன்றைய எழுத்துக்கு வந்தது. அவர்கள் கடன் வாங்கிய சொல்லை நாம் மறுபடி கடன் வாங்குவானேன்? ‘சுடுபொறி’ என்பது என் முன்மொழிவு.

நாணைச் சொன்னதால் இன்னொன்று. துப்பாக்கியைச் சுடுவதற்கு ஆயத்தமாக இழுத்து வைப்பதை ‘நாணேற்றம்’ என்று எழுதுங்கள். வில்லுக்குச் சொன்னது இதற்கும் தகும்.

கோவை, வெள்ளி காலை

வணக்கமுங்க. நான் லேத் பட்டறை வைத்திருக்கிறேன், இலக்கணம் அவ்வளவாகத் தெரியாது. பட்டறையில் துளை போடும் ட்ரில்லிலிருந்து ஸ்ப்ரே கன் வரைக்கும் எல்லாவற்றிலும் இருப்பது ட்ரிக்கர்தான். பத்தாவது படித்த பையனும் ட்ரிக்கர் என்றால் சரியான துண்டை எடுத்துத் தருவான். சுடுபொறி என்று கேட்டால் முழுத் துப்பாக்கியையும் எடுத்துத் தருவான், அதுதான் என் பயம். ஐயா தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாதுங்க.

ஆனால் கட்டங்களுக்குத் தமிழே நன்றாக இருக்கிறது. சும்மா ஓட்டத்தை நாங்கள் ‘ப்ளே’ என்போம், வெற்றோட்டம் என்று எழுதலாம். முட்டி நிற்கும் இடம் முட்டு. உள்ளே சொரசொரப்பு இருந்தால் விரலில் நறநறவென்று தெரியும், அதற்கு நறநறப்பு என்பதைவிட நல்ல சொல் எந்த மொழியிலும் இருக்காது.

விடுபடும் நொடிக்கு என் வீட்டுக்காரம்மா சொன்னதை எழுதுகிறேன். சந்தையில் வெண்டைக்காய் நுனியை ஒடித்துப் பார்த்து வாங்குவோமில்லையா, இளசு பட்டென்று ஒடியும், முற்றல் வளைந்துகொண்டே போகும். நல்ல ட்ரிக்கரும் கெட்ட ட்ரிக்கரும் அப்படித்தான் இருக்கும் போல. அதனால் ‘ஒடிவு’.

டல்லாஸ், வெள்ளி மதியம்

கோவை அண்ணா, அம்மாவுக்கு என் நன்றியைச் சொல்லுங்கள். ஒரு பக்கம் முழுக்க நான் விளக்கியதை ஒரு வெண்டைக்காய் சொல்லிவிட்டது. முறிவு என்றுதான் முதலில் எழுதியிருந்தேன், எலும்பு முறிவும் ஒப்பந்த முறிவும் நினைவுக்கு வந்து தொல்லை செய்தன. ஒடிவு நிற்கும். வளைந்துகொண்டே போகும் வகையை ‘இழைவு’ என்று எழுதலாமா? அது எல்லோருக்கும் கெட்டது இல்லை. இலக்கை நோக்கி மெதுவாகச் சுடுபவருக்கு ஒடிவு பிடிக்கும், ஓடிக்கொண்டே வேகமாகச் சுடும் எங்கள் போட்டியில் சிலர் இழைவைத்தான் விரும்புகிறார்கள், விரல் எங்கும் தடைபடாமல் போகும் என்பதால்.

தஞ்சை ஐயா, நாணேற்றம் அருமையாகப் பொருந்துகிறது. க்ளாக்கில் சும்மா இருக்கும்போது ஸ்ட்ரைக்கர் பாதி இழுபட்ட நிலையில் நிற்கும், மீதியை விரல்தான் இழுத்து முடிக்க வேண்டும். பி320இல் அது முழுக்க இழுபட்டே நிற்கும், விரல் கொக்கியைக் கழற்றிவிட்டால் போதும். அரை நாணேற்றம், முழு நாணேற்றம் என்று எழுதினால் ஏன் ஒன்று கனமாகவும் மற்றது இலகுவாகவும் இருக்கிறது என்பது சொல்லிலேயே விளங்கிவிடுகிறது. ஸ்ட்ரைக்கருக்குக் குத்துமுள் என்று வைத்திருக்கிறேன், யாருக்காவது மறுப்பு உண்டா?

இலகுவாக்குவதைப் பற்றி ஒரு செய்தி, ஏனென்றால் இதற்கும் சொல் வேண்டும். பழைய க்ளாக்குகளில் ட்ரிக்கர் ஸ்பிரிங்கை வலுவாக்கினால் இழுபாரம் குறையும். கேட்டால் நம்ப முடியாது, ஆனால் அந்த ஸ்பிரிங் விரலோடு சேர்ந்து பின்னால் இழுக்கிறது. குத்துமுள்ளின் ஸ்பிரிங்கை மெலிதாக்கினாலும் பாரம் குறையும், ஆனால் அப்போது முள்ளின் குத்தும் மெலிகிறது. போன வருடம் நான் அப்படி ஒரு செட் வாங்கிப் போட்டேன், யார் தயாரித்தது என்பது இங்கே வேண்டாம். வீட்டில் வெறுமனே இழுத்துப் பார்க்கையில் வெண்ணெய் போல இருந்தது. போட்டியில், தொப்பி (முள் குத்தும் அடிப்பக்க மூடி) கெட்டியான வேறு ரகத் தோட்டாவைப் போட்டிருந்தேன், நாலாவது சுடுதலில் ‘டிக்’, அவ்வளவுதான். எடுத்துப் பார்த்தால் தொப்பியில் ஊசி தொட்ட லேசான புள்ளி. அந்தச் சுற்று போனது. அதைவிட, அன்றைக்குத்தான் இந்தக் கட்டுரையை எழுத வேண்டும் என்று முடிவுசெய்தேன். இந்த மெலிந்த குத்துக்குச் சொல்?

யாழ்ப்பாணம், வெள்ளி இரவு

‘நமுத்த வெடி’ என்று யாரும் சொல்ல முன்னமே தடுக்கிறேன். அது மருந்து ஈரமானால். இங்கே மருந்து நன்றாகத்தான் இருக்கிறது, குத்துத்தான் பிழை. ‘மென்குத்து’ என்று வையுங்கள்.

மதுரை, சனி காலை

இழுபாரம் எண்ணை மட்டும் வைத்து எழுதாதீர்கள் தம்பி. பாரம் அளக்கும் தராசின் கொக்கியை ட்ரிக்கரின் நடுவில் மாட்டினால் ஒரு எண், நுனியில் மாட்டினால் குறைந்த எண், நெம்புகோல் அல்லவா. ஒரே இடத்தில் மாட்டிப் பத்து முறை இழுத்துச் சராசரி எடுக்கச் சொல்லுங்கள். இரண்டு கிலோ பாரம் நீண்ட தூரம் நகர்வதும் குறுகிய தூரம் நகர்வதும் விரலுக்கு ஒன்றல்ல. தூரத்துக்கு எதிராகப் பாரத்தை வரைந்தால் வெற்றோட்டம் தாழ்வாக ஓடும், முட்டில் சுவராக எழும், ஒடிவில் செங்குத்தாக விழும். அந்தப் படம் ஒன்றைப் போட்டுவிட்டால் உங்கள் சொற்கள் எல்லாம் அதில் உட்கார்ந்துகொள்ளும்.

தஞ்சை ஐயாவுக்கு ஒரு வார்த்தை. சுமை என்றால் தலையில் வைப்பது நினைவுக்கு வருகிறது. பாரம் வடசொல்தான், ஆனால் லாரி ஏற்றுகிற தொழிலாளி முதல் எல்லோர் வாயிலும் இருக்கிறது.

தஞ்சை, சனி மதியம்

எல்லோர் வாயிலும் இருப்பதுதான் அளவுகோல் என்றால் இந்தக் குழுமமே வேண்டாம், கோவைத் தம்பி சொன்ன ட்ரிக்கரோடு நிறுத்திக்கொள்ளலாம். சொல் முதலில் அயலாகத்தான் இருக்கும், எழுத எழுதப் பழகும். பேருந்து என்று எழுதியபோது எத்தனை பேர் எதிர்த்தார்கள்? ‘இழுபளு’ என்பதையாவது கருதுங்கள். பளு தூக்குதல் விளையாட்டுச் செய்திகளில் நாள்தோறும் வருகிறது.

கோவை, சனி மாலை

பேருந்து எழுத்தில் வந்துவிட்டது, ஆனால் ஏறுகிறவர் இன்னும் பஸ்ஸில்தான் ஏறுகிறாருங்க. எழுத்துக்கு ஒன்று பேச்சுக்கு ஒன்று என்றால் பரவாயில்லை. இது கையில் ஆயுதம் வைத்திருக்கும் பிள்ளைக்கு எழுதுவது, தப்பாகப் புரிந்துகொள்ள இடமே இருக்கக் கூடாது.

டல்லாஸ், ஞாயிறு காலை

எல்லோருக்கும் நன்றி. இன்று அனுப்பியாக வேண்டும், ஆகவே இருப்பதை வைத்து முடித்துவிட்டேன்.

ட்ரிக்கர் என்பதை முதல் இடத்தில் அப்படியே எழுதி, ‘இனி இது சுடுவிசை’ என்று சொல்லிவிட்டேன். விசை என்று தனியாக எங்கும் எழுதவில்லை, மதுரை ஐயா கோபிக்க மாட்டார் என்று நம்புகிறேன். இழுபாரம் என்னையும் சேர்த்து மூன்று பேர் சொன்னதால் அதுவே. வெற்றோட்டம், முட்டு, ஒடிவு, இழைவு, விட்ட பிறகு போகும் மிச்ச ஓட்டத்துக்கு மிகையோட்டம், நறநறப்பு, குத்துமுள், மென்குத்து, அரை நாணேற்றம், முழு நாணேற்றம் எல்லாம் உள்ளே. ரீசெட்டுக்கு மட்டும் மனம் ஒப்பவில்லை. ‘மீட்டமைவு’ என்றால் கணினியும் கடவுச்சொல்லும்தான் நினைவுக்கு வருகிறது, ‘மீள்பிடிப்பு’ எழுதிப் பார்த்து அடித்துவிட்டேன். ரீசெட் என்றே விட்டிருக்கிறேன்.

கடைசிப் பத்தியில், புதுச் சுடுவிசையைப் பூட்டியதும் தோட்டா இல்லாமல் பார்க்க வேண்டியவற்றை எழுதினேன். சுடுவிசையின் நடுவில் இருக்கும் சிறு நாக்கை அழுத்தாமல் பக்க ஓரத்தை மட்டும் பிடித்துப் பின்னால் இழுத்தால் அது அசையாமல் பூட்டிக்கொள்கிறதா, குத்துமுள்ளைத் தடுக்கும் கட்டையானது, சுடுவிசையை விரல் இழுக்காதவரை கீழேயே நிற்கிறதா, சுடுவிசையை இழுத்துப் பிடித்தபடி ஸ்லைடை (மேலே முன்பின் ஓடும் பகுதி) இழுத்து விட்டு, பிறகு விரலைத் தளர்த்தும்போது ரீசெட் ஒவ்வொரு முறையும் கேட்கிறதா. அதன் பிறகு, போட்டியில் போடப்போகும் அதே தோட்டாவில் குறைந்தது இருநூறு சுட்டு ஒரு மென்குத்தும் வராவிட்டால் மட்டும் போட்டிக்கு எடுத்துப் போ என்று முடித்திருக்கிறேன். இந்தப் பத்தியில் புதுச்சொல் மூன்றுக்கு மேல் வராமல் பார்த்துக்கொண்டேன்.

தஞ்சை, ஞாயிறு இரவு

கட்டுரை போகட்டும், வாழ்த்துகள். நாணேற்றம் ஏறியதில் மகிழ்ச்சி. ஆனால் சுடுவிசை என்பதில் விசை அப்படியேதான் இருக்கிறது, முன்னால் ஒரு சொல்லை ஒட்டியதால் அது போய்விடவில்லை. அடுத்த வருடம் யாராவது அதைச் ‘சுடும் வேகம்’ என்று படிப்பார்கள். அன்றைக்குப் பொறியை எடுத்துக்கொண்டு மறுபடி வருவேன், என் மறுப்பு இந்த இழையில் பதிவாக இருக்கட்டும்.

யாழ்ப்பாணம், திங்கள் காலை

ரீசெட்டுக்கு ‘மீள்கவ்வல்’ எப்படி? உள்ளே கொக்கி திரும்பக் கவ்வுவதைத்தானே சொல்கிறோம். அச்சுக்குப் போய்விட்டதா, தம்பி?