ஆமைத் தொட்டிக்குச் சூடு வைப்பது பற்றி: எங்கள் குடும்பக் குழுவில்

கவிதா (நுவரெலியா), மாலை 6.40
எல்லோருக்கும் வணக்கம். மகள் வளர்க்கும் சிவப்புக் காது ஆமைக்குட்டி சில நாட்களாகச் சாப்பிடாமல் தொட்டி மூலையில் ஒடுங்கிக் கிடக்கிறது. இங்கே இரவில் எப்படிக் குளிரும் என்று உங்களுக்குத் தெரியும். இன்று காலை தொட்டி நீரில் தெர்மாமீட்டர் 15 பாகை செல்சியஸ் காட்டியது. மேசை விளக்கொன்றைத் தொட்டியின் விளிம்பில் மாட்டி, விடியும்வரை எரியவிடலாமா என்று என் கணவர் கேட்கிறார். நிரோஷா, செல்வம் மாமா, என்ன செய்யலாம் என்று சொல்லுங்கள்.

நிரோஷா (பேராதனை), மாலை 6.58
அக்கா, குட்டி சாப்பிடாததற்குக் குளிரே காரணமாக இருக்கக்கூடும். ஆமை தன் உடற்சூட்டைச் சுற்றுப்புறத்திலிருந்துதான் பெறுகிறது. நீர் இவ்வளவு குளிர்ந்தால் சமிபாடும் நோயெதிர்ப்பும் மந்தமாகிவிடும். அதன் தாயகமான மிசிசிப்பி ஆற்றுப் பகுதியில் வளர்ந்த ஆமைகள் மாரிக்காலத்தை நீரடியில் அசையாமல் கழித்துவிடும். உங்கள் தொட்டி நீரோ அப்படி ஒடுங்குவதற்கேற்ற குளிரிலும் இல்லை, இரை தேடுவதற்கேற்ற சூட்டிலும் இல்லை. குட்டிகளை வாட்டுவது இந்த இரண்டுங்கெட்டான் நிலைதான்.
நீர் 26 அல்லது 27 பாகையிலும், அது ஏறிக் காயும் கல்லின் மேற்பரப்பு 32 பாகை அளவிலும் இருந்தால் போதும். கல்லுக்கு எதிர்ப்பக்கம் சூடின்றி இருக்கட்டும். வேண்டும்போது காய்ந்து, போதுமென்றால் விலகிப் போக இடமிருந்தால் குட்டி தன் சூட்டைத் தானே பார்த்துக்கொள்ளும். இரவில் விளக்கு வேண்டாம், அதற்கு இருட்டும் தேவை. பகலில் 10 முதல் 12 மணித்தியாலம் விளக்கும், இரவில் நீர்ச்சூடாக்கியும் போதும். சுடுநீரை ஒரேயடியாக ஊற்றிவிடாமல், நீரைச் சிறிது சிறிதாகச் சூடாக்குங்கள்.

செல்வம் மாமா (ஹட்டன்), இரவு 7.25
பிள்ளை, மேசை விளக்கை மாட்டாதே. அவற்றின் ஹோல்டர் பெரும்பாலும் பிளாஸ்டிக்கில்தான் வரும். சூட்டு பல்பைப் போட்டால் முதலில் பழுப்பேறி, பிறகு கருகும் வாடை வந்து, கடைசியில் உருகிக் கீழே விழும். பீங்கான் ஹோல்டரை வாங்கி, கிளிப்பை மட்டும் நம்பாமல், கழன்றாலும் தொங்கி நிற்கும்படி ஒரு சங்கிலியாலும் கட்டச் சொல். வெளிச்சம் தராத பீங்கான் சூடாக்கியின் மேற்பரப்பு 200 பாகையையும் தாண்டும் என்பதால், அதை வாங்கினால் சுற்றிக் கம்பிக்கூடு இல்லாமல் பொருத்தவே கூடாது.
நீர்ச்சூடாக்கியைப் பற்றித்தான் எனக்கு அதிகக் கவலை. மலிவான பலவற்றுள் இரட்டை உலோகத் தகடு ஒன்றுதான் மின்சாரத்தை இணைத்தும் துண்டித்தும் கொண்டிருக்கும். அதன் முனைகள் நாளடைவில் தீப்பொறிபட்டு ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால், சூடாக்கி நிற்காமல் வேலை செய்து, விடிவதற்குள் குட்டியை வேகவைத்துவிடும். ஆகவே சூடாக்கியின் பிளக்கை வெளியில் வைக்கும், நீரின் சூட்டை அளந்து மின்சாரத்தைத் துண்டிக்கும் தனித் தெர்மோஸ்டாட்டில் சொருகி, அதை 27 பாகையிலும், உள்ளே இருப்பதை 28 பாகையிலும் வைத்தால் ஒன்று பழுதானாலும் மற்றது தடுக்கும். உங்கள் ஊர்க் குளிருக்கு லீற்றருக்கு ஒரு வாட் போதாது, 60 லீற்றர் தொட்டிக்கு 100 வாட் வேண்டும். ஆனால் 100 வாட் ஒன்றை வாங்காமல் 50 வாட் இரண்டாக வாங்கு. ஒன்று ஒட்டிக்கொண்டாலும் அந்த வலுவால் மட்டும் நீரை அவ்வளவு உயர்த்த முடியாது. ஒன்று செத்தாலும் மற்றது குட்டியைக் காப்பாற்றும்.

பிரதீப் (பண்டாரவளை), இரவு 7.41
மாமா, மின்சாரத்தில் சூடேறும் கல் என்று ஒன்றை விற்கிறார்கள். அதை வைத்தால் இத்தனை பாடு வேண்டாமே?

நிரோஷா, இரவு 7.46
வேண்டாம் பிரதீப். ஊர்வன மேலிருந்து விழும் சூட்டை உணர்ந்து விலகும் அளவுக்கு, வயிற்றின் கீழிருந்து ஏறும் சூட்டை உணர்வதில்லை. தோல் வெந்த பிறகும் அதே கல்லின் மேல் படுத்திருக்கும்.

கவிதா, இரவு 8.05
தெர்மோஸ்டாட்டின் உணர்முனையை எங்கே வைப்பது மாமா? கரண்ட் போனால் என்ன செய்வது?

செல்வம் மாமா, இரவு 8.20
அது சூடாக்கியை ஒட்டாமல், நீர் சுழலும் இடத்தில், தொட்டியின் நடுவில் இருக்க வேண்டும். உறிஞ்சு கிண்ணத்தை நம்பாமல் கேபிள் டையால் இறுக்கிக் கட்டு. குட்டி இழுத்து வெளியே போட்டுவிட்டால் தெர்மோஸ்டாட் அறையின் குளிரை நீரின் குளிரென்று எண்ணி, சூடாக்கியை அணைக்கவே அணைக்காது. திரையில் தெரியும் எண்ணோடு நிற்காமல், எதிர் மூலையில் வேறொரு தெர்மாமீட்டரையும் வை.
தொட்டியிலிருந்து வரும் வயர் பிளக்குக்குக் கீழே ஒருமுறை தாழ்ந்து வளைந்து ஏறட்டும். வயர் வழியே இறங்கும் நீர் அந்த வளைவில் சொட்டிவிடும். 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிட்ச் அந்த அறைக்கும் வேலை செய்கிறதா என்று அதன் சோதனைப் பொத்தானை அழுத்திப் பார். ஆனால் அது கரண்ட் அடிப்பதிலிருந்துதான் காக்குமே தவிர, சூடு மிஞ்சுவதை அறியாது.
கரண்ட் போனால் தொட்டியைக் கம்பளியால் சுற்றிவிட்டு, வெதுவெதுப்பான நீர் நிரப்பிய போத்தல்களை மூடி மிதக்கவிடு. கரி அடுப்பை மூடிய அறைக்குள் கொண்டுபோகவே கூடாது, அதன் புகை உங்களுக்கும் ஆபத்து. குளிர்ந்த ஓர் இரவை அந்தக் குட்டி தாங்கும், ஆனால் மிஞ்சிய சூட்டை ஓரிரு மணித்தியாலம்கூடத் தாங்காது.

கவிதா, இரவு 8.34
நன்றி மாமா. நாளை இரண்டு சூடாக்கிகளையும் தெர்மோஸ்டாட்டையும் வாங்கி வருகிறோம். இன்றிரவு கம்பளியும் போத்தலும்தான்.

நிரோஷா, இரவு 8.39
நீர் சூடேறும்வரை இரை போடாதீர்கள் அக்கா. மூக்கில் குமிழ் வந்தாலோ, ஒருபக்கமாகச் சாய்ந்து மிதந்தாலோ அது நுரையீரல் தொற்றாக இருக்கக்கூடும். தாமதிக்காமல் பேராதனைக் கால்நடைப் போதனா வைத்தியசாலைக்குக் கொண்டு வாருங்கள்.

செல்வம் மாமா, இரவு 8.43
நீர் மாற்றும்போது முதலில் பிளக்கைக் கழற்று, கால் மணி நேரம் கழித்தே நீரை இறக்கு. சூடாக இருக்கும் கண்ணாடிக் குழாய் நீருக்கு வெளியே வந்தால் வெடித்துவிடும்.