வாடிய உளுந்து: தாகமா, உப்பா? உங்கள் அனுபவத்தையும் சொல்லுங்கள்

நாகப்பட்டினம் கடைமடையிலிருந்து (வாய்க்கால் பாசனத்தின் கடைசிப் பகுதி):
சம்பா அறுவடைக்கு ஒரு வாரம் முன்பு, வயல் மெழுகு பதத்தில், அதாவது மண் மெழுகுபோல் இளகிய ஈரத்தில் இருக்கும்போதே உளுந்து தெளித்துவிடுவது எங்கள் வழக்கம். பிறகு மண்ணில் மிஞ்சிய ஈரமும் பனியும்தான் பயிருக்குத் துணை. இந்த மாசியில் மூன்று இலை விட்ட நிலையில் செடிகள் உச்சி வெயிலில் துவண்டு, மாலையில் நிமிர்ந்தன. பார்க்கப் பொறுக்காமல் பாதி வயலுக்கு ஆழ்குழாய்க் கிணற்றுத் தண்ணீரைப் பாய்ச்சினேன்.

சில நாட்களில் அந்தப் பாதியில் அடியிலைகளின் ஓரம் தீய்ந்தது. மாலையிலும் செடி நிமிரவில்லை. இரண்டு பக்கத்திலும் பிடுங்கிப் பார்த்தேன். பாயாத பக்கத்துச் செடி குட்டைதான். ஆனால் வேர் ஈரத்தைத் தேடி ஒரு சாண் இறங்கியிருந்தது. பாய்ந்த பக்கத்தில் வேர் விரல் நீளம்கூட இல்லை, நுனி பழுத்திருந்தது. இத்தனைக்கும் அங்கே மண் கையில் ஒட்டும் அளவுக்கு ஈரம்! அப்படியானால் இது தாகமல்ல, பாய்ச்சிய தண்ணீரின் உப்பாகத்தான் இருக்க வேண்டும். மண்ணில் உள்ள நீரில் உப்பு மிகுந்தால் வேரால் அந்த நீரை இழுக்க முடியாது. போதாததற்கு உள்ளே போகும் சோடியமும் குளோரைடும் இலையில் சேர்ந்து அதைக் கருக்குகின்றன. அந்தச் செடிகளைக் கையில் வைத்துக்கொண்டு வரப்பில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

வேதாரண்யம் பக்கத்திலிருந்து:
எங்கள் தோட்டத்தில் பீன்ஸ் முளைத்த வேகத்தில் கருகியது. பாரின் (செடி ஊன்றும் மண்மேட்டின்) உச்சியில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. வெயில் ஈரத்தை மேலே இழுக்கும்போது உப்பும் கூடவே ஏறி அங்கேதான் படிகிறது. மறுமுறை பாரின் சரிவில், தண்ணீர் தொடும் இடத்துக்குச் சற்று மேலே ஊன்றினேன். பாதிக்கு மேல் பிழைத்தன. பீன்ஸ் உப்புக்கு மிக மென்மையான பயிர். இப்போது தட்டைப்பயறுக்கு மாறிவிட்டேன், அது எவ்வளவோ தாங்குகிறது.

மறுபடி, கடைமடையிலிருந்து:
ஜிப்சம் போடலாமா என்று பலர் தனியாகக் கேட்டிருந்தார்கள். தயவுசெய்து மண்ணைப் பரிசோதிக்காமல் போடாதீர்கள். ஜிப்சம் களருக்கு, அதாவது சோடியம் மண்ணோடு ஒட்டிக்கொண்ட நிலத்துக்கு மருந்து. கரையும் உப்பு மிகுந்த உவர் நிலத்துக்கு நல்ல தண்ணீர் தேக்கி, உப்பைக் கரைத்து வடிக்க வேண்டும். வடிகால் இல்லாவிட்டால் அதுவும் பலிக்காது. என் கிணற்றுத் தண்ணீரை நேற்றுத்தான் பரிசோதனைக்குக் கொடுத்தேன். விதைப்புக்கு முன்பே செய்திருக்க வேண்டிய வேலை. தண்ணீர் பாயாத பாதியில் இன்று பூ வைத்திருக்கிறது.