ஹோபி 16 ரெட்டை உடல் பாய்மரப் படகோட முன்பாய்க்கு செல்ஃப்-டாக்கரா, ரெட்டைக் கயிறா?

காசல்ரீ காற்று:
மலைத்தண்ணியில காற்று ஒரே திசையில நிக்காது. மேட்டைத் தாண்டி இறங்கி, சுழன்று சுழன்று அடிக்கும். காசல்ரீயில ஒரு கரையிலிருந்து மறுகரை போறதுக்குள்ள எத்தனை தடவை பாய் மாத்துறது? ஒவ்வொரு தடவையும் ஒரு பக்கக் கயிறை விட்டு மறுபக்கம் இழுக்கணும். ரெட்டைக் கயிறைக் கழட்டிட்டு, முன் குறுக்குச் சட்டத்துல செல்ஃப்-டாக்கர் தண்டவாளம் போடுங்க. ஒரே கயிறு, கார் (தண்டவாளத்துல ஓடுற சின்ன வண்டி) தானா மறுபக்கம் ஓடிரும்.

மஸ்கெலியா பாய்:
இதை ஏத்துக்க முடியாது அண்ணே. ஹோபி 16-க்குத் தண்ணிக்குள்ள இறக்குற பலகை கிடையாது. பாரமும் குறைவு, அதனால மூக்கு காற்றுக்கு நேரா வந்ததும் வேகம் செத்துரும். அப்போ மூக்கைத் தள்ளி விடுறது பழைய பக்கத்துல பிடிச்சு வச்ச முன்பாய்தான். சுக்கானை மெதுவாத் திருப்புங்க, பெரிய பாயை அரை மீற்றர் தளர்த்துங்க, முன்பாயைக் கிளீட்டிலேயே (கயிறைக் கவ்விப் பிடிக்கிற தாடை) விடுங்க. காற்று மறுபுறம் அடிச்சு மூக்கு நல்லா விலகின பிறகுதான் புதுப் பக்கம் இழுக்கணும். செல்ஃப்-டாக்கர்ல கார் ஓடிப் போயிரும். எதை வச்சுத் தள்ளுவீங்க? படகு பின்னால நகர ஆரம்பிச்சா சுக்கானை எதிர்ப்பக்கம் திருப்பித்தான் மீளணும்.

காசல்ரீ காற்று:
தண்டவாளத்துல தடைக்கயிறு கட்டி காரை நிறுத்தலாமே தம்பி. உங்க முறையில வேற ஆபத்து இருக்கு: திடீர்க் காற்றுல கிளீட் விடாது. பெரிய பாயை மட்டும் தளர்த்தினா, இறுகி நிக்கிற முன்பாய் மூக்கை அமுக்கி, காற்றுக்கு விலகித் தள்ளும். முன் நுனி தண்ணிக்குள்ள போனா படகு குப்புறதான்.

மஸ்கெலியா பாய்:
அந்த ஆபத்து உண்மைதான். ஆனா அது கிளீட் நிக்கிற கோணத்தோட குத்தம். கிளீட்டைத் தாங்குற தண்டு மேல தூக்கி நின்னா, ஓரத்துல சாய்ஞ்சு உக்காந்தவர் இழுக்கிற கயிறு தாடைக்குள்ளேயே கிடக்கும், மேல தூக்கி விடுவிக்க முடியாது. தண்டை ஒரு துளை இறக்குங்க. ஓரத்துல உக்காந்து, ஒரே உதறுல கயிறு விடுபடுதான்னு கரையிலேயே பாருங்க. ராட்செட் கப்பியில (ஒரு பக்கம் மட்டும் சுழல்ற கப்பி) கயிறு தலைகீழாப் போயிருக்கான்னும் கவனிங்க: இழுக்கும்போது டிக் டிக் சத்தம் வரணும். வரலைன்னா முழு இழுவையும் கையிலதான்.

கிரகரி வாவி:
இழுக்கச் சுலபமா இருக்க, முன்பாய்க் கயிறோட கப்பி விகிதத்தை 2:1-லிருந்து 3:1 ஆக்கினா என்ன?

மஸ்கெலியா பாய்:
வேண்டாம். பாய் அதே தூரம் தளர ஒன்றரை மடங்கு கயிறு ஓடணும், அவசரத்துல அது தாமதம். உங்க கிரகரி வாவி இருக்கிற நுவரெலியா 1,868 மீற்றர் உயரம். அங்க காற்றோட அடர்த்தி கொழும்பை விட சுமார் ஆறுல ஒரு பங்கு குறைவு. அதே வேகக் காற்றுல பாய் இழுவையும் அந்த அளவு குறையும். 2:1 தாராளம். காற்று பலமா இருந்தா, முன்பாயோட பின்மூலைத் தகட்டுல கப்பியைக் கீழ்த் துளைக்கு இறக்குங்க. அடிவிளிம்பு இறுகி, பின்விளிம்பு மேல திறந்து, மிச்சக் காற்று வழிஞ்சிரும்.

காசல்ரீ காற்று:
துளை விஷயமும் கிளீட் கோணமும் சரி. ரெண்டு பேர் ஏறுற படகுன்னா உங்க வழியிலேயே போகட்டும். தனியா ஓட்டுறவருக்கு செல்ஃப்-டாக்கர்தான், தடைக்கயிறோட. அதுல நான் இறங்க மாட்டேன்.

மஸ்கெலியா பாய்:
அப்படின்னா அந்தத் தடைக்கயிறுக்கும் ஒரு கிளீட் வேணும், உக்காந்த இடத்துல கைக்கு எட்டுற மாதிரி. கழட்டின ஒரு கயிறுக்குப் பதிலா இன்னொரு கயிறு வந்திருச்சு அண்ணே.