"கால் பெரண்டுருச்சு"ன்னு மட்டும் சொல்லி நான் விட்ட மாசங்கள், உங்களுக்கு நடந்ததையும் சொல்லுங்க

தொண்டி லெஃப்ட் கார்னர்:

பதினஞ்சு வருசமா கபடி ஆடுறேன், இடது ஓரத்துல நிக்கிற லெஃப்ட் கார்னர். தடைக்காலத்துல, அதான் ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் விசைப்படகு போகாத அந்த 61 நாள்ல, எங்க கரையில ராத்திரி லைட்டைப் போட்டு ஆடுவோம். ரெண்டு வருசம் முன்னாடி அப்படி ஒரு ஆட்டத்துல பாடி வந்த பையனோட கணுக்காலைப் புடிச்சேன், இடது காலை நல்லா ஊனி நிக்கிறேன், நம்ம பையனே ஒருத்தன் சேர்ந்து அமுக்க வந்து வெளிப்பக்கத்துல இருந்து என் முட்டி மேல விழுந்துட்டான். உள்ளுக்குள்ள டொப்புனு ஒரு சத்தம். ரெண்டு மணி நேரத்துல முட்டி பனங்காய் மாதிரி வீங்கிருச்சு.

எல்லாரும் சுளுக்குன்னாங்க, எண்ணெய் போட்டு நீவி விட்டாங்க. மூணு வாரத்துல நடந்துட்டேன், சரி அவ்வளவுதான்னு நெனச்சு களத்துல எறங்குனா நேரா ஓடுறப்ப ஒண்ணுமே தெரியல, சட்டுனு திரும்புனா மட்டும் முட்டி கழண்டு போற மாதிரி வழுக்குது. ஒரு டாக்டர்ட்ட போனேன், என்னப்பா ஆச்சுன்னாரு, கால் பெரண்டுருச்சு சார்னேன், வலி மாத்திரை குடுத்து அனுப்பிட்டாரு. நம்ம பேச்சுல தொடையும் கால் தான், முட்டியும் கால் தான், பாதமும் கால் தான், இதுல அவரு என்னத்த புரிஞ்சுக்குவாரு. இப்படியே நாலு மாசம் போச்சு.

அப்புறம் ஒரு பிசியோ அக்கா தான் வேற மாதிரி கேட்டாங்க. பாதம் தரையில ஊனி இருந்துச்சா, அடி எந்தப் பக்கம் இருந்து வந்துச்சு, முட்டி உள்ள போச்சா வெளிய போச்சா, சத்தம் கேட்டுச்சா, வீக்கம் எவ்வளவு நேரத்துல வந்துச்சுன்னு. நான் சொல்லச் சொல்ல "வால்கஸ்"னு எழுதுனாங்க. முட்டி உள்பக்கமா போயி கீழ்க்கால் வெளிய விலகுனா வால்கஸ், அதுக்கு நேர் எதிரா போனா வேரஸ். மல்லாக்கப் படுக்க வச்சு முட்டியை 20, 30 டிகிரி மடக்கி, ஒரு கையில தொடையை அசையாம புடிச்சுக்கிட்டு இன்னொரு கையால கீழ்க்காலை முன்னாடி இழுத்துப் பாத்தாங்க, லாக்மன் டெஸ்டாம். வலது கால் டக்குனு நின்னுருச்சு, இடது கால் பாட்டுக்கு முன்னாடி வருது. எம்ஆர்ஐ ஸ்கேன்ல பாத்தா முட்டிக்குள்ள இருக்க ஏசிஎல்ங்கிற நார் அறுந்திருக்கு. அதுல வர்ற ஏ தான் ஆன்டீரியர், முன்பக்கம். முட்டிக்குள்ள ரெண்டு நார் ஒண்ணுக்கொண்ணு குறுக்கா போகுது, கீழ்க்கால் எலும்புல முன்பக்கம் ஒட்டுறது ஏசிஎல், பின்பக்கம் ஒட்டுறது பிசிஎல். கீழ்க்கால் எலும்பு முன்னாடி நழுவாம இழுத்துப் புடிக்கிறது தான் ஏசிஎல்லோட முக்கியமான வேலை. எனக்கு நழுவுனதுக்குக் காரணம் அன்னைக்குத் தான் வெளங்குச்சு.

இடது வலதுல தான் நான் ரொம்ப கொழம்புனேன். எதிர்ல நிக்கிற டாக்டருக்கு வலது கைப் பக்கமா இருக்கிறது என்னோட இடது கால், ஆனா சீட்டுல எப்பவும் நோயாளியோட இடது தான் எழுதுவாங்க. நம்ம கார்னரும் அப்படித்தானே, பாடி வர்றவனுக்கு வலது பக்கமா தெரிஞ்சாலும் நான் லெஃப்ட் கார்னர் தான். இதுக்கெல்லாம் ஒரு அடிப்படை நிலை வச்சிருக்காங்க: நேரா நின்னு, முகம் முன்னாடி, கை ரெண்டும் தொங்க, உள்ளங்கை முன்னாடி பாக்கணும். ஆள் குப்புறக் கிடந்தாலும் தலைகீழா தொங்குனாலும் அந்த நிலையை வச்சுத்தான் பேரு. வள்ளத்தைக் கரையில கவுத்துப் போட்டா அணியம், அதான் அதோட முன்பக்கம், மாறிருமா என்ன? உடம்போட நடுக்கோட்டுப் பக்கம் இருந்தா மீடியல், தள்ளி இருந்தா லேட்டரல். இந்த ரெண்டு மட்டும் தெரிஞ்சிருந்தாலே எனக்கு நாலு மாசம் மிஞ்சியிருக்கும்.

பாம்பன் ஸ்மாஷ்:

அண்ணே எனக்கு தோள்பட்டை. வாலிபால்ல அடிக்கிற கை. "கை தூக்க முடியல"ன்னு தான் நானும் சொல்லிக்கிட்டு திரிஞ்சேன், ஒருத்தர் முன்பக்கமா தூக்கு, இப்ப பக்கவாட்டுல தூக்குன்னாரு, முன்பக்கம் தூக்குறப்ப சுமாரா இருக்கு, பக்கவாட்டுல பாதி வரைக்கும் வலி இல்லாம போயி அப்புறம் உசுரு போகுது, அதைத் தாண்டுனா திரும்ப வலி கொறையுது. 60ல இருந்து 120 டிகிரிக்குள்ள இப்படி வலிச்சா தோள் மூட்டைச் சுத்தி இருக்க ரொட்டேட்டர் கஃப்ல பிரச்சனை இருக்கலாம்னாரு, நாலு தசையோட நாண் சேர்ந்தது அது. முன்னாடி தூக்குறது ஃப்ளெக்ஷன், பக்கவாட்டுல விலக்குறது அப்டக்ஷன், திரும்ப உடம்போட சேக்குறது அடக்ஷன். கடைசி ரெண்டும் காதுல ஒரே மாதிரி விழுகும், அதனால ஏ-பி-டக்ஷன், ஏ-டி-டக்ஷன்னு பிரிச்சு சொல்லுவாங்க. வலை இழுத்து இழுத்து எங்க சித்தப்பாவுக்கும் இதே எடத்துல வலி, அவரையும் கூட்டிட்டுப் போயி காட்டுனேன்.

பாசிக்காரி மக:

நான் பிசியோதெரபி மூணாவது வருசம் படிக்கிறேன். எங்க அம்மா தீவுப் பக்கம் பாசி எடுக்கப் போறவங்க, பாறையில கால் வச்சு பாதம் உள்பக்கமா மடங்குறது அவங்களுக்கும் மணல்ல ஓடுற என் தங்கச்சிக்கும் ஒரே மாதிரி தான் நடந்துச்சு. உள்ளங்கால் உள்பக்கமா திரும்புனா இன்வர்ஷன், வெளிப்பக்கமா திரும்புனா எவர்ஷன். விரல் மேல வர்ற மாதிரி பாதத்தைத் தூக்குனா டார்சிஃப்ளெக்ஷன், கீழ அமுக்குனா ப்ளான்டார் ஃப்ளெக்ஷன். பாதம் கீழ அமுங்கி உள்பக்கம் திரும்புறப்ப தான் கணுக்கால் வெளிப்பக்க நார் ரொம்ப அடி வாங்குது. எலும்பு முறிவா இருக்குமோன்னு சந்தேகப்பட கனடாவுல 1992ல ஒரு விதி சொன்னாங்க, ஒட்டாவா ரூல்ஸ்: கணுக்கால் எலும்போட பின்விளிம்புல கடைசி 6 சென்டிமீட்டருக்குள்ள அமுக்குனா வலிக்குதா, நாலு எட்டு நடக்க முடியுதா. பாதத்துல சுண்டுவிரல் பக்கத்து எலும்போட அடியையும் பாக்கணும், அதைப் பல பேர் மறந்துருவாங்க. அம்மா நாலு எட்டு கூட வைக்கல, எக்ஸ்ரேல கீறல் இருந்துச்சு, நீவி விட வந்தவங்களை அன்னைக்கு நான் சண்டை போட்டுத் தான் நிறுத்துனேன்.

இன்னொன்னும் சொல்லணும், நாம எல்லாத்தையும் நரம்புங்கறோம். எலும்பையும் எலும்பையும் சேக்கிற நார் வேற, தசையை எலும்போட கட்டுற நாண் வேற, நரம்பு வேற. நரம்புன்னு சொன்னா கேக்குறவங்க மரத்துப் போச்சான்னு தான் கேப்பாங்க.

கீழக்கரை வாசி:

அக்கா, இப்ப சாயங்காலம் தம்பி ஃபுட்பால் ஆடுறப்ப யாரோ பின்னாடி கல்லால அடிச்ச மாதிரி இருந்துச்சுன்னு திரும்பிப் பாத்துருக்கான், யாருமே இல்ல. குதிகாலுக்கு மேல வலி, நடக்குறான் ஆனா எக்கி நிக்க முடியல. வாப்பா சுளுக்குங்கறாங்க.

பாசிக்காரி மக:

நீவவே கூடாது தம்பி. குப்புறப் படுக்க வச்சு, பாதம் கட்டிலுக்கு வெளிய தொங்கட்டும், கெண்டைக்கால் சதையைக் கையால அமுக்குங்க. பாதம் தானா கீழ அசையணும். இந்தக் காலையும் அந்தக் காலையும் பாருங்க.

கீழக்கரை வாசி:

நல்ல கால் அசையுது. இது அசையவே இல்ல.

பாசிக்காரி மக:

அப்ப குதிகால் நாண் அறுந்துருக்கலாம், அக்கிலிஸ்னு சொல்லுவாங்க. இன்னைக்கே எலும்பு டாக்டர்ட்ட கூட்டிட்டுப் போங்க, கால் ஊன விடாதீங்க. போனதும் வலது காலா இடது காலான்னு சொல்லுங்க, பின்பக்கம், குதிகாலுக்கு மேல எத்தனை விரக்கடைன்னு தொட்டுக் காட்டுங்க, எக்கி நிக்க முடியல, அமுக்குனா பாதம் அசையலன்னு சொல்லுங்க. சுளுக்குங்கிற வார்த்தையை மட்டும் வாய்ல எடுக்காதீங்க.

கீழக்கரை வாசி:

வண்டி வந்துருச்சு அக்கா, ராம்நாடு கெளம்பிட்டோம். இடது கால், பின்பக்கம், மூணு விரக்கடை. வாப்பா கையிலயும் எழுதிக் குடுத்துட்டேன்.