பெல்ட் மாட்டினால் நின்றுவிடுகிறது: ஷோமேன் இன்ஜின் மாடலுக்கு உதவி தேவை

பொங்கும்கெட்டில்: வணக்கம் நண்பர்களே. பர்ரெல் ஷோமேன் இன்ஜின் (திருவிழாவில் ராட்டினத்துக்கும் விளக்குக்கும் மின்சாரம் தந்த இங்கிலாந்து நீராவி வண்டி) சாயலில் செய்த பழைய நீராவி மாடல் ஒன்று கைக்கு வந்திருக்கிறது. ஆடும் சிலிண்டர் வகை: சிலிண்டரே அசைந்து நீராவித் துளையைத் திறந்து மூடும், ஒரு ஸ்பிரிங் அதை அழுத்திப் பிடிக்கும். சும்மா ஓடவிட்டால் ஃப்ளைவீல் பிரமாதமாகச் சுற்றுகிறது. புகைபோக்கிக்கு முன்னால் உள்ள டைனமோவுக்கு பெல்ட் மாட்டினதும் திணறி நின்றுவிடுகிறது. கூரை ஓரத்தில் ஆறு பல்பு, ஒன்றுகூட எரியவில்லை. சிலிண்டருக்குப் பின்னாலிருந்து நீராவி கசிகிறது. ஸ்பிரிங்கை இறுக்கலாமா? திருவிழா இன்ஜினுக்கு அழகே அந்த விளக்குதான். அதை எரியவைத்தே ஆக வேண்டும்.

இரும்புக்குதிரை: ஸ்பிரிங்கைத் தொடாதீர்கள் சார். இறுக்கினால் கசிவு குறையும், ஆனால் உராய்வு கூடி இன்னும் சீக்கிரம் நிற்கும். பாரம் எங்கிருந்து வருகிறது என்று முதலில் பிரித்துப் பாருங்கள். பல்பு ஒயரைக் கழற்றிவிட்டு, பெல்ட்டை மட்டும் மாட்டி ஓட்டுங்கள். நன்றாக ஓடினால் பாரம் பல்புகளுடையது. அப்போதும் திணறினால் பெல்ட் இறுக்கம், டைனமோ புஷ் (அச்சைத் தாங்கும் வளையம்), சிலிண்டர் என்று தேட வேண்டும். மின்சாரம் எடுக்காதவரை டைனமோ லேசாகத்தான் சுற்றும். என்ன எண்ணெய் விடுகிறீர்கள்?

பொங்கும்கெட்டில்: ஒயரைக் கழற்றினால் ஓடுகிறது, ஆனால் மந்தமாக. பெல்ட் தளர்வாகத்தான் இருக்கிறது. தையல் மிஷின் எண்ணெய். பல்பு ஒவ்வொன்றும் 50 மில்லி ஆம்பியர் இழை பல்பு.

இரும்புக்குதிரை: அப்படியென்றால் இரண்டு வேலை. தையல் மிஷின் எண்ணெயை ஈர நீராவி கழுவிக்கொண்டு போய்விடும்; கெட்டியான ஸ்டீம் சிலிண்டர் ஆயில் வாங்குங்கள். இன்ஜின் முழுக்க ஆறி, பிரஷர் இறங்கிய பிறகு சிலிண்டரைக் கழற்றி, நீராவித் துளை இருக்கும் பித்தளை முகத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். வளைவாகக் கீறல் தெரிந்தால், கண்ணாடித் துண்டின் மேல் 1200 நம்பர் எமரி பேப்பரை விரித்து, எண்ணெய் தொட்டு, எட்டுப் போடுவதுபோல் மெதுவாகத் தேயுங்கள். துகள் ஒன்றுகூடத் தங்காமல் கழுவ வேண்டும்.

ஆறு பல்புக்கு 300 மில்லி ஆம்பியர், இந்தச் சிறிய இன்ஜினுக்கு அநியாயம். ரெசிஸ்டர் வைத்த எல்.ஈ.டி. ஒன்றுக்கு 5 மில்லி ஆம்பியர் போதும். டைனமோ 3 வோல்ட்டுக்கு மேல் தருகிறதா என்று மீட்டரில் பார்த்துக்கொள்ளுங்கள்.

ராட்டினரசிகை: நிஜ இன்ஜினுக்கும் இதே தலைவலி இருந்தது! இங்கிலாந்தில் 1920-களில் மேடு பள்ளமான வட்டப் பாதையில் பெரிய வண்டிகள் சுற்றும் கனமான சீனிக் ராட்டினங்களைக் கிளப்பும்போது டைனமோமேல் திடீரென்று பாரம் ஏறும். அதற்காகவே தெட்ஃபோர்டு பர்ரெல் தொழிற்சாலையின் சில இன்ஜின்களில் புகைபோக்கிக்குப் பின்னால் எக்ஸைட்டர் என்ற இரண்டாவது டைனமோ வைத்தார்கள்; முதல் டைனமோவின் காந்தச் சுருளுக்கு அது மின்சாரம் கொடுக்கும். உங்கள் மாடலில் ஒரு சுவிட்ச் வையுங்கள். வேகம் பிடித்த பிறகு விளக்கைப் போடுங்கள்.

பொங்கும்கெட்டில்: கீறல் இருந்தது, தேய்த்ததும் கசிவு நின்றது. பெல்ட்டோடு ஜோராக ஓடுகிறது. மஞ்சள் நிற எல்.ஈ.டி. போட்டேன், பின்னோக்கி ஓட்டினால்தான் எரிகிறது!

இரும்புக்குதிரை: எல்.ஈ.டி. ஒரு திசையில்தான் மின்சாரத்தை விடும். டைனமோவின் இரண்டு ஒயரையும் மாற்றிக் கொடுங்கள், முன்னோக்கி ஓடும்போது எரியும். இரு திசைக்கும் வேண்டுமென்று பிரிட்ஜ் ரெக்டிஃபையர் (எந்தத் திசையில் வரும் மின்சாரத்தையும் ஒரே திசையாக்கும் நான்கு டயோடு) போடாதீர்கள், அதுவே 1.4 வோல்ட்டைத் தின்றுவிடும்.